வெறும் தரை விடாதே: செபராங் பிறையில் ஊர் கூடி மண்ணைப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜம் பக்கம் எங்கள் கம்போங்கில் எந்த முற்றத்திலும் ஓர் இலை கிடக்காது. விடிந்ததும் பெருக்கி, குவித்து, ஓரமாக நெருப்பு வைத்துவிடுவார்கள். கோயில் நிலமும் அப்படித்தான், தாத்தாமார் வைத்திருக்கும் ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் பழத்தோட்டங்களும் அப்படித்தான். மரத்தடி பளிச்சென்று இருந்தால்தான் "நல்லா வச்சிருக்கான்" என்று பெயர். அப்புறம் மழை பெய்யும். அரை மணி நேரத்தில் காவாயில் தே தாரேக் நிறத்தில் தண்ணீர் ஓடும். எங்கள் மண்தான் அந்த நிறம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பழைய ரப்பர் தோட்டத்தில் போய் நிற்கும். ஆரம்ப காலத்துத் துரைமாருக்கு மரங்களுக்கு நடுவே ஒரு புல் இருக்கக் கூடாது. சுரண்டிச் சுரண்டி எடுக்க வைத்தார்கள். சரிவுகளில் மேல்மண் போன பிறகுதான் தப்பு புரிந்து, புயரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா என்று கொடிகளை விதைத்துத் தரையை மூடினார்கள். தோட்டம் திருந்திவிட்டது. சுரண்டிய கை மட்டும் வீட்டுக்கு வந்த பிறகும் சுரண்டிக்கொண்டிருக்கிறது.

பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்தால் இதை மாற்றலாம். ஒருவர் தன் நிலத்தை மட்டும் மூடிப் பயனில்லை, மேல்வீட்டு மண் கீழ்வீட்டுக்கு வரும், கீழ்வீட்டுப் பூச்சிமருந்து காவாய்க்குப் போகும். நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் வைத்து எழுதுகிறேன். பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. நடுவதற்கு முன் மூன்று மாதம் சும்மா இருங்கள்

குழு தொடங்கிய வாரமே கோத்தோங் ரோயோங் என்று ஊர்கூடிச் செய்யும் வேலை வைத்து, வெண்டையும் கத்தரியும் நட்டு, படம் எடுத்துப் போடுவது எல்லாருக்கும் ஆசை. நாங்களும் செய்தோம். நான்காவது வாரம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.

முதலில் ஏழெட்டுப் பேர் போதும். அதில் இரண்டு பேராவது நிலத்தருகிலேயே குடியிருக்க வேண்டும். தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு தாத்தாவோ பாட்டியோ கட்டாயம் வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எங்கே முன்பு மாட்டுக்கொட்டகை இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கேள்விகளுக்கு விடை எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் கிடைக்காது.

ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக இயங்கினால், 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். புதிதாகப் பதிவு செய்ய அலைய விருப்பமில்லை என்றால், ஏற்கெனவே பதிவான கோயில் நிர்வாகத்தின் கீழோ குடியிருப்பாளர் சங்கத்தின் கீழோ ஒரு துணைக்குழுவாக இருக்கலாம். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் குழு வழியாகவும் செய்கிறார்கள். ஆனால் ஒன்று: கோயில் நிர்வாகம் தேர்தலில் மாறினால் உங்கள் கதை என்ன ஆகும்? கூட்டக் குறிப்பில் ஒரு தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் அடுத்த ஆண்டுக்கூட்டம் வரைதான்.

2. நிலம் யாருடையது?

கிராண்டு, அதாவது நிலப்பட்டா, யார் பெயரில் என்று நில அலுவலகத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள், கட்டணம் கொஞ்சம்தான். தனியார் நிலம் என்றால் எத்தனை ஆண்டு, மரம் நடலாமா, தண்ணீர்க் கட்டணம் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அரசு நிலமாக இருந்தால் டி.ஓ.எல். என்று சொல்லும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் தேவை. அது எந்த மாதம் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் முடியும். அதனால் அங்கே ஐந்து ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். காவாய் ஓரமும் ஆற்றோரமும் பெரும்பாலும் ஒதுக்கு நிலம், வடிகால் நீர்ப்பாசனத் துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

மலைச்சரிவு என்றால் இன்னும் கவனம். 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலை நிலம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதி இல்லாமல் செடி வெட்டவோ பயிர் வைக்கவோ முடியாது. பினாங்கில் சரிவு என்பது வெறும் சட்டப் பிரச்சினை இல்லை. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

3. அளவெடுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், செலவும் பத்து வெள்ளிக்கு மேல் ஆகாது. ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குங்கள். பினாங்கில் மழை குறைவான மாதங்கள் அவை. மழை கொட்டும் செப்டம்பர், அக்டோபருக்குள் தரை மூடியிருக்க வேண்டும், அதுதான் கெடு.

மைலோ டின்: பெரிய டின் ஒன்றின் இரு பக்கத்தையும் வெட்டி, விளிம்பை மழுக்கிக்கொள்ளுங்கள். தரையில் ஒரு விரல் நீளத்துக்கு அடித்து இறக்கி, உள்ளே ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். அது இறங்கியதும் இன்னொரு அங்குலம் ஊற்றுங்கள். இரண்டாவது நேரத்தைத்தான் எழுத வேண்டும், காய்ந்த மண் முதல் தடவை ஏமாற்றும். பெருக்கிய முற்றத்தில் ஒரு தடவை, யாரும் தொடாத வாழைப்புதருக்கு அடியில் ஒரு தடவை செய்யுங்கள். எங்கள் முற்றத்தில் ஊற்றிய தண்ணீர் தேநீர் குடித்து முடிக்கும் வரை அப்படியே நின்றது. வாழையடியில் கண் முன்னே காணாமல் போனது. நான் ஒரு மணி நேரம் பேசியும் அசையாத தாத்தாமார் இதைப் பார்த்ததும் குனிந்து மண்ணைத் தொட்டார்கள்.

கட்டி சோதனை: நன்றாகக் காய்ந்த ஒரு மண்கட்டியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். ஓரிரு நிமிடத்தில் கரைந்து சரிந்தால் அந்த மண்ணைப் பிடித்துவைக்கும் மட்கு இல்லை என்று பொருள். மழைத்துளி விழுந்தாலும் இதேதான் நடக்கும்: மேலே பிசின் போல் ஒரு படலம் கட்டும், தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும்.

பாட்டில் சோதனை: மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல், ஓரிரு மணி நேரத்தில் வண்டல், மறுநாளும் கலங்கலாக நிற்பது களிமண்.

மண்புழு: 20 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழத்துக்கு ஒரு குழி. எடுத்த மண்ணைச் சாக்கில் கொட்டி எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. பிள்ளைகளை இந்த வேலைக்கு விடுங்கள், அவர்கள் பொய்க்கணக்கு எழுத மாட்டார்கள்.

புளிப்பு: பி.எச். அளவு. மலேசிய மண் மழையில் ஊறி ஊறிப் பெரும்பாலும் 4, 5 என்று புளித்துக் கிடக்கும். கைக்கருவி ஓரளவுக்குச் சொல்லும். முறையாக வேண்டுமென்றால் விவசாயத் துறை அலுவலகத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பத்து இடத்தில் எடுத்த மண்ணைக் கலந்து ஒரு மாதிரியாகக் கொடுக்க வேண்டும், ஓர் இடத்தில் மட்டும் அள்ளிக் கொடுத்தால் அந்த ஓர் இடத்தின் கதைதான் வரும். பக்கத்தில் பழைய பட்டறையோ தொழிற்சாலையோ இருந்தால் கன உலோகப் பரிசோதனை முடியும் வரை கீரை, கிழங்கு வேண்டாம்.

கடலோரத் தாழ்நிலத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். நிப்பா, கெலாம் மரங்கள் நின்ற இடமா? காவாய்த் தண்ணீரில் துருநிறப் படலம் மிதக்கிறதா? தோண்டிய சேற்றில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள் உண்டா? பழைய சதுப்புச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கிடக்கும். நனைந்திருக்கும் வரை அது சாது. ஆழமாகக் காவாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகும், பி.எச். 3.5-க்கும் கீழே இறங்கும், மீனும் சாகும். அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆழமாகத் தோண்டாதீர்கள், அடிச்சேறு எப்போதும் ஈரமாக இருக்கும்படி தண்ணீரை நிறுத்திவைத்து, மேலே மேட்டுப்பாத்தி கட்டி நடுங்கள்.

4. மூடுங்கள்

பெருக்கிய இலையை எரிக்காமல் அதே மரத்தடியில் போடுங்கள். முதல் நாள் வேலை இவ்வளவுதான். எரிப்பது எப்படியும் குற்றம், 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி எந்தப் பாட்டியும் துடைப்பத்தைக் கீழே போட்டதில்லை. வாசலை வழக்கம்போலப் பெருக்கட்டும், கோலம் போடட்டும், குப்பை மட்டும் மரத்தடிக்குப் போகட்டும் என்று பேசி முடித்தோம். பாம்பு வரும் என்று பயந்தார்கள். நியாயமான பயம். வீட்டைச் சுற்றிப் பத்தடி வெறுமையாக விட்டோம்.

மூடாக்கு நான்கு விரல் கனம் இருக்கலாம். தண்டைத் தொடக் கூடாது, ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட வேண்டும். வைக்கோல் கிடைத்தால் நல்லது, அறுவடை முடிந்ததும் வயற்காரர்களைக் கேளுங்கள். எரிக்கப் போவதைத்தான் கேட்கிறீர்கள், பலர் சும்மா தருவார்கள். அதில் ஒட்டியிருக்கும் நெல் முளைக்கும், பிடுங்கிக்கொள்ளுங்கள்.

பழத்தோட்டத்தில் மூடுகொடி விதைக்கலாம். தோட்டத்துப் பாட்டிமாருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் கொடியைக் கண்டால் தெரியும். சும்மா கிடக்கும் பாத்தியில் தட்டைப்பயறு, பச்சைப்பயறு என்று மளிகைக்கடைப் பயறுகளைத் தூவி, பூக்கும் நேரத்தில் வெட்டி அங்கேயே சாய்த்துவிடுங்கள். பயற்றின் வேர் முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும்.

ஒரு நஷ்டக் கதை. அவசரப்பட்டு ஒரு லாரி "மேல்மண்" வாங்கினோம். வந்தது எங்கோ மலையை வெட்டிய செம்மண், நடுவில் சிமெண்டுக் கட்டி. மழை பெய்து காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகிவிட்டது. மண் வாங்கும் காசுக்கு எரு செய்திருந்தால் இரண்டு ஆண்டுக்குக் காணும்.

5. சரிவில் கோடு போடுங்கள்

மூன்று குச்சியை ஆங்கில எழுத்து 'A' வடிவில், இரண்டு கால் ஒரு குறுக்குக்கட்டை வைத்துக் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சமதரையில் நிறுத்தி, குறுக்குக்கட்டையில் நூல் தொடும் இடத்தில் குறி. கால்களை இடம் மாற்றி நிறுத்தி இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் சமமட்டம். இதை வைத்துச் சரிவில் குறுக்காக நடந்தால், ஒவ்வோர் அடியும் ஒரே உயரத்தில் இருக்கும் கோடு கிடைக்கும்.

அந்தக் கோட்டில் வெட்டிவேர் நடுங்கள், செடிக்குச் செடி 10 முதல் 15 சென்டிமீட்டர். இடைவெளி விட்டால் தண்ணீர் அந்த ஓட்டையில் பாய்ந்து பள்ளம் பறிக்கும். வேர் பக்கவாட்டில் பரவாது, நேராக மூன்று மீட்டருக்கும் மேல் இறங்கும். வெட்டிவேர் என்ற நம் சொல்லைத்தான் உலகம் முழுக்க இந்தப் புல்லுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். நாம் அதைக் கூந்தலுக்கும் குடிதண்ணீருக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வெட்டியதை மூடாக்காகப் போடுங்கள். வெட்டிவேர் கிடைக்காவிட்டால் செராய் என்ற எலுமிச்சைப்புல் நடலாம். அதன் வேர் அவ்வளவு ஆழம் போகாது, ஆனால் சந்தையில் விற்கும். எங்கள் மேல்கோடு வெட்டிவேர், கீழ்க்கோடு செராய்.

6. எரு: கோயிலும் சமையற்கட்டும்

பினாங்கில் 2016 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்கிறார்கள். இருந்தும் சமையற்கட்டுக் கழிவின் பெரும்பகுதி நிபோங் திபால் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு பல நாள் எரிந்தது. நம் வீட்டுத் தோல், காம்பெல்லாம் அங்கே போய்ப் புகைய வேண்டியதில்லை.

குவியல் ஒரு மீட்டர் நீள, அகல, உயரம் இருந்தால்தான் சூடேறும். பச்சைப் பொருள் ஒரு பங்கு, காய்ந்தது மூன்று பங்கு. கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒழுகக் கூடாது. உள்ளே ஒரு கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்துத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். 55 பாகை செல்சியஸுக்கு மேல் மூன்று நாளாவது நின்றால் பெரும்பாலான களை விதையும் கிருமியும் செத்துவிடும். வாரம் ஒரு தடவை புரட்டுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் மட்கும். இந்திய இணையப் பக்கங்களில் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். இங்கே கூரை போடச் சொல்வதுதான் சரி, கூரை இல்லாத குவியல் ஒரே மழையில் சேறாகி நாறும், சத்தெல்லாம் காவாய்க்குப் போகும்.

கோயில் கழிவு பெரிய சொத்து, பிரிக்க ஆள் இருந்தால். மாலையில் பூ மட்டும் இல்லை: பிளாஸ்டிக் நூல், ஜிகினா, குண்டூசி, தெர்மோகோல். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு அக்காமார் உட்கார்ந்து நூலை உருவிவிடுவார்கள், பேச்சுக்கு ஒரு சாக்கும் ஆயிற்று. வாழையிலையை நறுக்கிப் போடுங்கள், முழுதாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றை அடைக்கும். குங்குமம் வேண்டாம், சாயத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ஹோமச் சாம்பல் புளித்த மண்ணுக்கு நல்லது, கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். பெயிண்டு அடித்த பலகைச் சாம்பல் கூடவே கூடாது.

தைப்பூசத்துக்குத் தேங்காய் வந்து குவியும். பருப்பு எலியைக் கூப்பிடும், ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு அன்றே கொடுத்துவிடுங்கள். மட்டையை மரத்தடியில் கவிழ்த்து அடுக்கினால் ஓராண்டுக்கு மூடாக்கு. கொட்டாங்கச்சியையும் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். நிமிர்ந்தால் தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதாரத் துறை அபராதத் தாளோடு வரும்.

கோழி எருவைப் புதிதாகக் கொட்டாதீர்கள். மலிவாகக் கிடைத்தது என்று பத்து மூட்டை கொண்டுவந்து நேரே பாத்தியில் போட்டோம். செடி கருகியது, ஈ மொய்த்தது, பக்கத்துத் தாமான்காரர்கள் மாநகர் மன்றத்தில் புகார் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

7. சுண்ணாம்பு

ஜி.எம்.எல். என்று உரக்கடையில் கேளுங்கள், மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி. சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிராம். பி.எச். 5.5-க்கு மேல் இருந்தால் தேவையில்லை. தூவி லேசாகக் கிளறி, மூன்று வாரம் கழித்து நடுங்கள். எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போட்டால் நைட்ரஜன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

8. "மருந்து" பற்றிப் பேசுங்கள்

நம் ஊரில் பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் பெயர் மருந்து. தோட்டங்களில் முதுகில் பம்பைக் கட்டி மருந்து அடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். அவர்கள் அதிகம் கையாண்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. அதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர்களில் பெண்களுக்காகவும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காகவும் இயங்கும் தெனாகானித்தா அமைப்பும் பினாங்கிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கமும் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கை விவசாயம் பற்றித் தமிழிலேயே சொல்லித்தருகிறது, குழுவாகப் போய்க் கேளுங்கள்.

எடுத்த எடுப்பில் "யாரும் அடிக்கக் கூடாது" என்று விதி போட்டால் ஒன்றரை ஏக்கர் தாத்தா அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். நாங்கள் மூன்றே மூன்று கேட்டோம்: காவாய்க்கு ஐந்து மீட்டருக்குள் வேண்டாம், மேகம் கட்டியிருந்தால் வேண்டாம், காலி பாட்டிலை வேறு எதற்கும் வைக்க வேண்டாம். மூடாக்கு போட்ட இடத்தில் களை குறைந்ததும் அவரே பாதிக்குப் பாதி குறைத்துக்கொண்டார். முன்பு கடையில் வாங்கிய பாராகுவாட் வீட்டுக்கு வீடு மூலையில் இருக்கலாம். அதை நிலத்தில் ஊற்றித் தீர்க்காதீர்கள், விவசாயத் துறையைக் கேட்டு ஒப்படையுங்கள்.

காவாய் எங்கே போகிறது என்று ஒரு நாள் எல்லாரும் நடந்து பாருங்கள். நம் பக்கத்துத் தண்ணீரில் ஒரு பங்கு ஜூரு ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. 1970-களில் தொழிற்சாலைக் கழிவால் தங்கள் கடல் கெட்டதை எதிர்த்து நின்றவர்கள் கோலா ஜூரு மீனவர்கள். ஆற்றுவாயில் நின்று கெராங் என்ற சிப்பி பொறுக்குபவர்களைப் பார்த்த பிறகு மருந்துப் பேச்சு கொஞ்சம் சுலபமாகும்.

9. கையுறை, கணக்கு, சாவி

ஈரமண்ணிலும் எலி ஓடும் இடத்திலும் வெறுங்காலோடு நிற்காதீர்கள், எலிச்சிறுநீர்க் காய்ச்சல் உண்டு. பூட்ஸும் கையுறையும் குழுக் காசில் வாங்குங்கள். வரவு செலவை மாதா மாதம் கோயில் பலகையில் ஒட்டுங்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து. மண்வெட்டி வைத்த கொட்டகைக்கு இரண்டு சாவி, இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் நடந்த பெரிய சண்டை மண்ணுக்காக நடக்கவில்லை, சாவிக்காக நடந்தது.

அடுத்த ஜனவரியில் அதே மைலோ டின்னை எடுங்கள். அதே இடம், அதே அங்குலத் தண்ணீர், முடிந்தால் அதே ஆள். சுவரில் பழைய நேரத்துக்குப் பக்கத்தில் புது நேரத்தை எழுதுங்கள். குறையாவிட்டாலும் எழுதுங்கள். எங்களுக்குக் கோயில் பின்புறம் குறைந்தது, முன்புறம் குறையவில்லை, திருவிழாக் கூட்டம் மிதித்து இறுக்கிவிட்டது. இந்த ஆண்டு அங்கே நடைபாதைக்கு மட்டும் கல் பதித்துவிட்டு, இரண்டு பக்கமும் மட்டை அடுக்கப் போகிறோம்.